கூமாப்பட்டிக்கு மேலே 300 கிலோமீட்டர்

2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை கூமாப்பட்டி என்ற பெயரை விருதுநகர் மாவட்டத்துக்கு வெளியே கேள்விப்பட்டவர்கள் குறைவு. வத்திராயிருப்பு வட்டாரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில், பிளவக்கல் அணைத் தண்ணீரை நம்பி நெல்லும் தென்னையுமாக இருக்கிற ஊர். உள்ளூர் இளைஞர் ஒருவர் ஊருக்கு வரச்சொல்லி எடுத்த கைபேசிக் காணொளி இன்ஸ்டாகிராமில் ஓடியது. சில வாரங்களுக்குள் துபாய்க்காரருக்கும் சிங்கப்பூர்க்காரருக்கும் கூமாப்பட்டி தெரிந்த ஊராகிவிட்டது.

அந்த அழைப்பு போன வழியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கைபேசியிலிருந்து டவர், டவரிலிருந்து மண்ணுக்கடியில் ஓடும் கண்ணாடி இழை, அங்கிருந்து கடலடிக் கேபிள், ஏதோ ஒரு நாட்டில் குளிரூட்டிய கட்டடத்தில் ஒரு சர்வர், திரும்பவும் கேபிள், திரும்பவும் டவர். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு நிறுவனம், ஒரு மின்கட்டணம். ஒரு கண்ணி அறுந்தாலும் கூமாப்பட்டி பழையபடி வத்திராயிருப்புக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஊர்.

இதே ஊரிலிருந்து ஜப்பானில் இருக்கிற ஒருவரோடு, நடுவில் எந்த நிறுவனமும் இல்லாமல் பேச முடியும். ஒரு கார் பேட்டரி, செருப்பு டப்பா அளவில் ஒரு வானொலிக் கருவி, பத்து மீட்டர் செம்புக் கம்பி, அரசு கொடுத்த உரிமம். இவ்வளவுதான் சாமான். இதைச் செய்கிறவர்களை உலகம் முழுவதும் ஹாம்கள் என்கிறார்கள். சட்டம் அவர்களை அமெச்சூர் வானொலி நிலையத்தார் என்கிறது. அவர்கள் கூடும் இடம் கூமாப்பட்டிக்கு நேர் மேலே சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த இடத்தை அவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள், கூமாப்பட்டிக்கு மேலே இருப்பது ஏன் மற்ற ஊர்களின் ஆகாயத்தைவிட விசித்திரமானது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

முதலில் மலையைப் பற்றி. ஊருக்கு மேற்கே நிற்கிற தொடரில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் இருக்கிறது, 2021-இல் அறிவித்தார்கள். தொடரைத் தாண்டி இறங்கினால் தேனி மாவட்டத்து வருசநாடு. பறவை பறக்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் ஹாம்கள் கையில் வைத்துக்கொள்ளும் வாக்கிடாக்கியால் வருசநாட்டை எட்டுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அந்தக் கருவி 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் இயங்குகிறது. அலைநீளம் இரண்டு மீட்டர். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பத்து மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்தால் வானொலிக்குத் தொடுவானம் சுமார் 13 கிலோமீட்டர். அதற்குள் மலை குறுக்கிட்டால் அதுவே எல்லை. முகட்டில் பட்டுச் சற்றே வளைந்து இறங்கும் கசிவு உண்டு என்றாலும் அதை நம்பிப் பேச முடியாது. அதே கருவியை இரண்டாயிரம் மீட்டர் உயர மலையில் வைத்தால் தொடுவானம் 180 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். கேட்டதை வாங்கி உடனே வலுவாகத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் என்ற கருவியை மலை உச்சிகளில் நிறுவுவது இதனால்தான். கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் ஹாம்களிடம் இருக்கிற மரியாதைக்கு ஏரியும் குளிரும் காரணமல்ல.

இனி அலைநீளத்தை நாற்பது மீட்டராக்குவோம். அதிர்வெண் ஏழு மெகாஹெர்ட்ஸ். மலை அங்கேயேதான் நிற்கிறது, ஆனால் அதன் அதிகாரம் போய்விடுகிறது. அலை மலையைச் சுற்றிப் போவதில்லை, மேலே போய்விட்டு வருகிறது.

சூரியனின் புற ஊதாக் கதிர் உயரத்திலிருக்கிற காற்றணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கிறது. இப்படி மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்கடுக்காக நிற்பதுதான் அயனமண்டலம். அறுபது முதல் தொண்ணூறு கிலோமீட்டர் வரை டி அடுக்கு, நூறை ஒட்டி ஈ அடுக்கு, இருநூற்றைம்பதிலிருந்து நானூறு வரை எஃப் அடுக்கு. எஃப் அடுக்கு சிற்றலையைக் கீழே வளைத்து அனுப்புகிறது. டி அடுக்கு விழுங்குகிறது, அதுவும் அதிர்வெண் குறையக் குறைய அதிகமாக. ஒன்று கொடுக்கிற கை, மற்றது பறிக்கிற கை; இரண்டையும் இயக்குவது ஒரே சூரியன்.

தென்னிந்திய ஹாம்கள் ஏழு மெகாஹெர்ட்ஸில் காலை நேரத்தில் கூடுவதற்கு இதுதான் காரணம். விடியலுக்கு முன் எஃப் அடுக்கு மெலிந்து கிடக்கிறது. நேர் மேலே அனுப்பிய ஏழு மெகாஹெர்ட்ஸ் அலை அதைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். சூரியன் ஏறியதும் எஃப் அடுக்கு சீக்கிரம் அடர்கிறது, டி அடுக்கு இன்னும் முழுப் பலத்துக்கு வரவில்லை. அந்த இடைவெளியில் கூமாப்பட்டி, திருச்சி, கோவை, கொழும்பு எல்லாம் ஒரே திண்ணை. உச்சிவேளையில் குரல்கள் தேய்ந்துவிடும். நள்ளிரவு தாண்டினால் பக்கத்து ஊர்கள் மறைந்துபோய், எங்கோ தூரத்து நிலையங்கள் தெளிவாகக் கேட்கும்.

பதினான்கு மெகாஹெர்ட்ஸுக்கு மாறினால் இந்தத் தலைகீழ் இன்னும் துலக்கமாகிறது. கூமாப்பட்டியிலிருந்து சென்னை 475 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது, பொதுவாகக் கேட்காது. சுமார் 3,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சிங்கப்பூர் ஒரே தாவலில் கேட்கும். அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் தொலைவிலுள்ள டோக்கியோ இரண்டு தாவலில். இந்த அதிர்வெண்ணில் செங்குத்தாகப் போகும் அலை திரும்பாது. சாய்வாகப் போவது மட்டுமே வளைந்து வரும், வரும்போது ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளித்தான் தரையைத் தொடும். இடையில் விடுபடுகிற வளையத்துக்குள் சென்னை சிக்கிக்கொள்கிறது. புதிதாக உரிமம் எடுத்தவர்கள் முதல் வாரம் குழம்புவது இங்கேதான். கருவியில் கோளாறு என்று திருப்புளியைக் கையில் எடுப்பார்கள்.

இந்த அறிவு விஞ்ஞானிகளிடமிருந்து ஹாம்களுக்கு வந்தது என்று நினைத்தால் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1902-இல் கென்னலி, ஹெவிசைடு என்ற இருவர் தனித்தனியே, மேலே மின்கடத்தும் அடுக்கு இருக்கலாம் என்று ஊகித்தார்கள். ஊகம் ஊகமாகவே கிடந்தது. 1912-இல் அமெரிக்கா வானொலிச் சட்டம் கொண்டுவந்தபோது, கப்பல்களுக்கும் கடற்படைக்கும் நீண்ட அலைகளை ஒதுக்கிவிட்டு, 200 மீட்டருக்குக் கீழான குறுகிய அலைகளைப் பொழுதுபோக்குக்காரர்களுக்குத் தள்ளிவிட்டார்கள். எதற்கும் உதவாத புறம்போக்கு என்பது அன்றைய நிபுணர்களின் கணிப்பு. அந்தப் புறம்போக்கில் குடியேறியவர்கள் என்ன செய்தார்கள்? பேசிக்கொண்டே இருந்தார்கள். அலைநீளத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தார்கள். 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்து லெயோன் டெலுவா, அமெரிக்காவின் ஃப்ரெட் ஷ்னெல்லோடு 110 மீட்டர் அலைநீளத்தில் அட்லாண்டிக்குக்கு இக்கரையும் அக்கரையுமாக உரையாடினார். 1924 அக்டோபர் 18 அன்று லண்டனின் மில் ஹில் பள்ளி மாணவன் செசில் கோய்டர், பூமிக்கு மறுபக்கம் நியூசிலாந்தில் ஆட்டுப்பண்ணை வைத்திருந்த ஃபிராங்க் பெல்லோடு தொடர்புகொண்டான். எட்வர்டு அப்பிள்டன் அந்த அடுக்கின் உயரத்தைச் சோதனையால் அளந்தது அதற்குப் பிறகு, 1924 டிசம்பரில். நோபல் பரிசு அப்பிள்டனுக்கு 1947-இல் கிடைத்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த அடுக்கின்மேல் ஒரு பள்ளிக்கூடப் பையன் அவருக்கு முன்பே நடந்து போய்விட்டான்.

அதே 1924-இல் சென்னையும் சும்மா இருக்கவில்லை. மே மாதம் 16-ஆம் தேதி சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கியது. ஜூலை 31 அன்று நாற்பது வாட் அலைபரப்பியைக் கொண்டு ஒலிபரப்பு. நாற்பது வாட் என்பது பழைய குண்டு பல்பு ஒன்றின் சக்தி. இந்தியாவில் ஒழுங்கான ஒலிபரப்புக் கம்பெனி வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே சென்னை மாலை வேளைகளில் பாட்டுக் கேட்டது இப்படித்தான். காசு தட்டுப்பட்டு 1927-இல் கிளப் நின்றது. அலைபரப்பி சென்னை மாநகராட்சி கைக்குப் போனது. 1930-இலிருந்து மாநகராட்சி ஒலிபரப்பியது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. தமிழ் வானொலியின் வம்சாவளியை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1938-இலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முந்தைய தலைமுறை அமெச்சூர்களுடையது என்பதை ஓர் அடிக்குறிப்பில் முடித்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

கூமாப்பட்டிக்குத் திரும்புவோம். இந்த ஊரின் ஆகாயம் விசித்திரமானது என்று சொன்னேன் அல்லவா? பூமியின் காந்தப்புலக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் இடங்களை இணைத்தால் வருவது காந்த நடுக்கோடு. அது புவியியல் நடுக்கோட்டின்மேல் செல்லாமல் இந்தியப் பகுதியில் வடக்கே ஏறி, தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. இந்திய மண்ணிலிருந்து கிளம்பிய முதல் ஆய்வு ராக்கெட்டை 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து ஏவியதற்குக் காரணம் இந்தக் கோடு. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதும் இதனால்தான். கூமாப்பட்டிக்கு வடக்கே, மலைகளுக்கு அப்பால், கொடைக்கானல் வான் ஆய்வகத்தில் 1955 முதல் அயனமண்டலத்துக்கென்றே ஒரு பிரிவு இயங்கியது. தெற்கே கிருஷ்ணாபுரம், வடக்கே கொடைக்கானல். இரண்டுக்கும் நடுவில் கூமாப்பட்டி.

இந்தக் கோட்டுக்கு மேலே பகலில் என்ன நடக்கிறது? நூறு கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது, காந்த நடுக்கோட்டை ஒட்டிய குறுகிய பட்டையில் மட்டும் மிக வலுவாக. கிழக்கு நோக்கிய மின்புலமும் வடக்கு நோக்கிய காந்தப்புலமும் சேர்ந்து மின்னேற்றம் பெற்ற காற்றை மேலே தூக்குகின்றன. மேலே போனது காந்தக் கோடுகளைப் பற்றிக்கொண்டு வடக்கேயும் தெற்கேயும் வழிந்து, பதினைந்து இருபது பாகைகள் தள்ளிக் குவிகிறது. விளைவு: சூரியன் நன்றாகக் காய்கிற நமக்கு மேலே எஃப் அடுக்கு சற்று மெலிந்தும், குஜராத் பக்கம் தடித்தும் நிற்கிறது. இந்த முரணை 1946-இல் அப்பிள்டன் எடுத்துக்காட்டினார்.

அடுத்த ஆண்டே அமெச்சூர்கள் அதில் நடக்கக் கற்றுக்கொண்டார்கள். 1947-இல் மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் இருந்த ஹாம்கள் ஐம்பது மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டார்கள். பெரும்பாலும் நேர்கோட்டில்தான் போகும் என்று நம்பிய அதிர்வெண் அது. அலை நடுக்கோட்டின் ஒருபக்கக் குவியலில் வளைந்து, தரையைத் தொடாமலே நடுக்கோட்டைக் கடந்து, மறுபக்கக் குவியலில் வளைந்து இறங்கியிருக்கிறது. இன்றும் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் மாலை வேளைகளில் இப்படித்தான் கைகுலுக்குகின்றன. இதில் ஒரு சிறு அநியாயம் என்னவென்றால், நடுக்கோட்டை ஒட்டி இருப்பவர்களுக்கு இந்தப் பாலத்தில் ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. பாலம் தலைக்கு மேலே போகிறது. அதன் இரு கால்களும் வேறு யாருடைய ஊரிலோ.

சூரியன் மறைந்தபின் நமக்கென்று இன்னொரு கூத்து. அணையும் முன் அந்த மின்புலம் ஒருமுறை வலுவாக எழும்பி எஃப் அடுக்கை இன்னும் உயரத் தூக்கிவிடும். அடியில் தாங்க ஆளில்லாமல் மெலிந்த காற்று குமிழ்களாக மேலே பீறிடும். இந்தக் குமிழ்களின் அளவு சில மீட்டர் முதல் பல நூறு கிலோமீட்டர் வரை. ஜி.பி.எஸ். சமிக்ஞை இவற்றில் மாட்டினால் மினுங்கித் தடுமாறும். ஹாமின் காதில் அது நடுங்குகிற குரலாக விழும். பெரு நாட்டின் உவாங்காயோவில் புக்கர், வெல்ஸ் என்ற இருவர் 1938-இல் இதை முதலில் பதிவுசெய்தார்கள். எட்டு மணிக்கு மேல் சிங்கப்பூர்க்காரர் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது என்று ஒரு ஹாம் நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தால், அவர் எழுதியிருப்பது அயனமண்டல இயற்பியல்.

ஹாம்கள் என்னதான் பேசுவார்கள்? வெளியாள் கேட்டால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கூடிப் பேசுவதை நெட் என்கிறார்கள். ஒருவர் நெட்டை நடத்துவார். மற்றவர்கள் தங்கள் கால்சைனை, அதாவது உரிமத்தோடு கிடைத்த அடையாளக் குறியை, சொல்லி வரிசையில் நிற்பார்கள். அவர் கூப்பிடும்போதுதான் பேச வேண்டும். இடையில் அவசரமென்றால் ‘பிரேக்’. ஒரே அலையில் இருவர் ஒருசேரப் பேசினால் யார் பேசியதும் யாருக்கும் விளங்காது என்பதால், அந்த ஒழுங்கை யாரும் போதிக்காமலே எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். நம் தொலைக்காட்சி விவாதங்களுக்கு இயற்பியல் இந்தச் சலுகையைத் தரவில்லை. அரசியல், வியாபாரம், சாதாரண நாட்களில் மூன்றாம் மனிதருக்கான சேதி ஆகியவற்றுக்கு உரிமத்தில் இடமில்லை. மிஞ்சுவது, உங்கள் ஊரில் மழையா, ஆன்டெனா எவ்வளவு உயரத்தில், என் குரல் எப்படி வருகிறது. கடைசிக் கேள்விக்கு இரண்டு இலக்கத்தில் பதில்: தெளிவுக்கு ஐந்துக்குள் ஒரு மதிப்பெண், வலுவுக்கு ஒன்பதுக்குள் ஒரு மதிப்பெண். ‘ஐந்து ஒன்பது’ என்றால் முழு மார்க். விடைபெறும்போது ‘73’. தமிழில் பேசிக்கொண்டிருப்பவர்களும் இந்த எண்களை மாற்றுவதில்லை. இலங்கையின் கால்சைன்கள் 4எஸ்7 என்றும், சிங்கப்பூருடையவை 9வி1 என்றும், தீபகற்ப மலேசியாவுடையவை 9எம்2 என்றும் தொடங்கும். நம்முடையவை வியூ2, வியூ3. ராஜீவ் காந்தி வியூ2ஆர்ஜி. ஒரு நாட்டின் பிரதமரும் ஊர் மெக்கானிக்கும் ஒரே வரிசையில் நிற்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு.

தினமும் ஒரே மனிதர்கள் ஒரே நேரத்தில் ‘என் குரல் எப்படி’ என்று கேட்டுக்கொள்வது அசட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் அது ஓர் அளவீடு. பல ஊர்களில் பல கருவிகள் ஆண்டுக்கணக்கில் விடாமல் எடுத்த அளவீடு. இப்போது இதை இயந்திரத்திடமே விட்டுவிட்டார்கள். துடிப்பு விண்மீன் ஆய்வுக்காக 1993-இல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் ஒரு ஹாம். ஸ்டீவ் ஃபிராங்கோடு சேர்ந்து அவர் 2017-இல் வெளியிட்ட எஃப்.டி.8 என்ற முறையில் கணினிகள் பதினைந்து பதினைந்து விநாடியாக மாறிமாறிச் செய்தி அனுப்புகின்றன. இரைச்சலுக்கு அடியில் புதைந்து, காதுக்கு எட்டவே எட்டாத சமிக்ஞையையும் தோண்டி எடுத்துவிடும். பேச்சு என்று அதில் எதுவும் கிடையாது: கால்சைன், இடம், வலு, விடை. பழையவர்கள் முணுமுணுக்கிறார்கள். எனக்கும் அவர்கள் பக்கம்தான் சாய்வு, ஆனாலும் பத்து வாட்டுக்கும் குறைந்த சக்தியில் எந்தக் கண்டத்துக்கு எப்போது கதவு திறக்கிறது என்பதை அது சொல்வதைப்போல மனிதக் காதால் சொல்ல முடியாது.

இந்த வெட்டிப்பேச்சுக்கு விலை தெரிந்த நாள் 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அம்மாத ஆரம்பம் முதல் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. அந்தமானிலிருந்து ஹாம் ஒலிபரப்புக்குப் பதினேழு ஆண்டுகளாக அனுமதி கிடைக்காமல் இருந்ததால் உலகெங்குமுள்ள ஹாம்கள் அந்தத் தீவோடு ஒரு தடவையாவது பேசிவிட வேண்டுமென்று வரிசையில் நின்றார்கள். முழுக்க முழுக்க விளையாட்டு. அன்று காலை ஆறரை மணி அளவில் பூமி அதிர்ந்தபோது பாரதி பேசிக்கொண்டிருந்தார். அதிர்வு என்று மைக்கில் சொல்லிவிட்டு வெளியே ஓடினார். தொலைபேசியும் மின்சாரமும் போன தீவுகளிலிருந்து, விளையாட்டுக்குக் கொண்டுபோன அதே கருவிகள் பெருநிலத்தோடு பேசின. குழுவைச் சேர்ந்தவர்கள் கார் நிகோபாருக்கும் போய் நிலையம் அமைத்தார்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள் அந்த வழியாகக் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இலங்கையின் தென்கரையில் விக்டர் குணதிலகவும் அவருடைய வானொலிச் சங்கத்தாரும் இதே வேலையைச் செய்தார்கள்.

பேரிடரில் உதவுவதற்காகவே ஹாம் வானொலி என்று பாராட்டுரைகளில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. பேரிடருக்கென்று வாங்கிப் பீரோவில் வைத்த கருவி பேரிடரன்று வேலை செய்யாது. பேட்டரி இறங்கியிருக்கும், எந்த நேரத்தில் எந்த அலை போகும் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. முந்தின நாள் வரை ஜப்பான்காரரோடு வானிலை பேசிக்கொண்டிருந்தவருக்குத்தான் அது தெரியும்.

கூமாப்பட்டிப் பக்கமே இதற்கு வேலை இருக்கிறது. சதுரகிரி சுந்தர மகாலிங்கம் கோயிலுக்கு அமாவாசை, பௌர்ணமி நாட்களில் தாணிப்பாறை வழியாக ஆயிரக்கணக்கானோர் மலையேறுகிறார்கள். வழியில் ஓடைகள். மேலே பெய்கிற மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2015 மே மாதம் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். ஓடைப் பள்ளத்தாக்கில் கைபேசிக்கும் சரி, வாக்கிடாக்கிக்கும் சரி, பாறைச்சுவர்தான் எதிரி. ஏழு மெகாஹெர்ட்ஸில் இயங்கும் கருவிக்கு அங்கே வேறொரு உபாயம் இருக்கிறது. கம்பியை உயரத்தில் கட்டாமல் தரையிலிருந்து மூன்று நான்கு மீட்டரில் தாழ்வாகக் கட்டினால் சக்தியில் பெரும்பகுதி செங்குத்தாக மேலே போகும். தோட்டத்துக் குழாயைக் கூரையை நோக்கிப் பீய்ச்சினால் அறை முழுவதும் தெறிப்பதுபோல, அது எஃப் அடுக்கில் பட்டு முன்னூறு நானூறு கிலோமீட்டர் வட்டத்துக்கு மேலிருந்து பொழியும். மேலிருந்து வருவதற்கு மலைச்சுவர் ஒரு பொருட்டில்லை. மூடாமல் திறந்திருப்பது தலைக்கு மேலே மட்டும்தான், அதுவே போதும். பகல்நேரத்துக்கு இது நம்பகமான வழி. இரவில் ஏழு விட்டுப்போனால் இன்னும் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறங்க வேண்டும்.

முன்னூறுக்கும் மேலே போனால் செயற்கைக்கோள்கள். 2005 மே 5 அன்று பி.எஸ்.எல்.வி.-சி6 ராக்கெட், கார்ட்டோசாட்-1 கோளோடு 42.5 கிலோ எடையுள்ள ஹாம்சாட்டையும் கொண்டுபோனது. இந்தியா ஹாம்களுக்கென்றே அனுப்பிய கோள் அது. உள்ளே இரண்டு மறுபரப்பிகள், ஒன்று நம் நாட்டுத் தயாரிப்பு, மற்றொன்று நெதர்லாந்து ஹாம் ஒருவர் வடிவமைத்தது. 2014 வரை உழைத்தது. பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் ஹாம் கருவி இருக்கிறது. 2025 ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அதன் வழியாகத்தான் பெங்களூரிலும் ஷில்லாங்கிலும் இருந்த மாணவர்களோடு பேசினார். அந்த நிலையம் ஓர் ஊருக்கு மேலே கடந்துபோக அதிகபட்சம் பத்து நிமிடம். மேற்கிலிருந்து வரும்போது கூமாப்பட்டிக்காரருக்கு மலை முதல் ஒன்றிரண்டு நிமிடத்தைத் தின்றுவிடும்.

இதில் இறங்க நினைப்பவருக்கு: பன்னிரண்டு வயது நிறைந்திருந்தால் போதும், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் தொடர்புத் திட்டப் பிரிவு நடத்தும் தேர்வை எழுதலாம். மின்னணுவியல் அடிப்படையும் விதிமுறைகளும் பாடம். பொதுநிலைச் சான்றிதழுக்கு மட்டும் நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும். கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்கு அது வேண்டாம். தேர்வைவிடப் பொறுமையைச் சோதிப்பது அதற்குப் பின் வரும் போலீஸ் விசாரணையும் காத்திருப்பும்தான்.

கருவிக்கு லட்ச ரூபாய் வேண்டும் என்பது பழங்கதை. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ், ஆறு வாட் கொடுக்கும் எளிய கருவி. கம்பிச்சுருள் சுற்ற இறக்குமதி வளையங்கள் கிடைக்காத ஊர்க்காரர்களும் செய்யட்டும் என்று, தண்ணீர்க் குழாயில் போடும் வாஷரின்மேல் காயில் சுற்றும்படி வரைபடம் போட்டார். வரைபடத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாமென்று விட்டும்விட்டார். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கட்டியிருக்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு நாள் அலைந்தால் பாகங்கள் சேர்ந்துவிடும்.

ஆன்டெனாவுக்கு 143-ஐ அதிர்வெண்ணால் வகுக்க வேண்டும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு வருவது 20 மீட்டர். நடுவில் வெட்டிப் பக்கத்துக்குப் பத்து. பதினான்குக்கு இதில் பாதி. கூமாப்பட்டியில் தூணுக்குச் செலவில்லை, தென்னை இருக்கிறது. ஆனால் தென்னைக்கு ஒரு குணம்: ஆடிக் காற்றில் இரண்டு மரமும் ஒரே பக்கம் சாயாது. இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டினால் முதல் வாரமே கம்பி அறும். ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனைக் கயிற்றைக் கப்பி வழியாக விட்டு, தொங்கலில் ஒரு செங்கல்லைக் கட்டிவிட வேண்டும். மரம் ஆடும்போது கல் ஏறி இறங்கும். கம்பியின் விறைப்பு மாறாது. காய் பறிக்க வருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவைப்பதும் நல்லது.